ஒரு கிலோ அரிசி

காலை ஆறரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். உலை வைத்தேன்.

பூமி சூடாகிறதென்று நெல் பயிரிடுவதைக் குறைத்துவிட்டார்கள். இப்போது சாவு வீட்டுக்கு மட்டும், வாய்க்கரிசிக்கென்று, ரேஷனில் ஒரு கிலோ அரிசி தருகிறார்கள். நானும் என் மனைவி தமயந்தியும் அதற்கு முன்பே விரும்பித் தினைக்கு மாறியவர்கள்.

அவள் இறந்த அன்று, அவள் வாயில் தினையைப் போட்டேன்.

"அரிசிய வச்சுக்கிட்டுத் தினையா மாப்ள? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?" என்று அவள் மாமா கத்தினார்.

"அவ சொன்னது மாமா."

பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. இன்று அந்த அரிசியை வடித்து, ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். நன்றாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகச் சொன்னது: "எனக்குத் தினை போதும்டா. அரிசிய நீ ஆக்கிச் சாப்பிடு. கஞ்சியக் கொட்டிராத, உப்புப் போட்டுக் குடி."