மரியாதையாக ஒரு மறுப்பு

"மரியாதையா எழுது. நம்மளப் பத்தி யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது" என்று தன் போனை நீட்டினார் கணவர். மூன்று நாளாக அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. உப்புப் போட்ட வெந்நீரைக் கொப்பளித்துவிட்டு வந்து, கரகரத்த குரலில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"எங்கள் மகளை உங்கள் ஜூனியர் கால்பந்து அணியில் சேர்க்க முன்வந்ததற்கு நன்றி. ஆனால் அவளுடைய படிப்பு..."

"படிப்பா? போன வாரம் வரைக்கும் பந்துதான் அவ எதிர்காலம்னீங்க!"

"இதெல்லாம் ஒரு டீமா? அந்தக் கோச்சுக்கு ஆட்டம்னா என்னன்னு தெரியுமா? ரெஃப்ரீக்குக் கண்ணாவது தெரியுமா? இவனுங்ககிட்டயா என் பொண்ண அனுப்புறது?"

தேர்வு ஆட்டத்துக்கு வந்த அறுபது பேரில் நான்கு பேரைத்தான் எடுத்திருந்தார்கள். அதில் ஒருத்தி உள்ளறையில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"நீயே சொல்லு. எனக்குத்தான் தொண்டை சரியில்லையே!"

மறுபடி கொப்பளிக்கப் போனார். பதிலை அனுப்பும் முன் அணியின் கடிதத்தைத் திறந்தேன். அவர் எங்களுக்குப் படித்துக் காட்டாத கடைசி வரி அதில் இருந்தது.

'ஒரே நிபந்தனை: இனி அவள் ஆடும் நாட்களில், தேர்வு ஆட்டத்தன்று நடுவரைப் பார்த்து ஆட்டம் முடியும்வரை கத்தித் தீர்த்த அவளுடைய அப்பா மைதானத்துக்கு வரக் கூடாது.'

அவர் சொன்னதையெல்லாம் அழித்தேன். மரியாதையாகவே எழுதி அனுப்பினேன்.

'மிக்க நன்றி. மகள் வருவாள். அவர் வர மாட்டார்.'