பொத்தல்

கல்பனா எகிப்துக் கோரையில் தாள் செய்து, அதில் கிரேக்க பைபிளின் ஒரு பக்கத்தை எழுதினாள். தறித்தூசி படுமென்று பூட்டியே வைத்திருந்தாள். ஆர்டர் கொடுத்த பாதிரியாரை அழைத்துவர அவள் திருத்தணி ஸ்டேஷனுக்குப் போனபோதுதான், நெசவாளிக் கணவன் பிரேம்குமார் பூட்டைத் திறந்து அதை விரித்துப் பார்த்தான். தாளெங்கும் பொத்தல். மிச்சமிருந்த நாரைக் கிழித்து, கிழிந்த பட்டுக்கு இழை ஓட்டுவதுபோல ஒவ்வொன்றாக அடைத்தான்.

வந்த பாதிரியார் கையிலிருந்த போட்டோவையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுத்தெல்லாம் அச்சு அசல். பொத்தல் எங்கம்மா?"

"பூச்சி அரிச்சிருந்திச்சிங்க. நான்தான் அடைச்சேன்" என்றான் பிரேம்குமார் பெருமையாக.

கல்பனா தாளைத் தடவினாள். ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை.

"அது பூச்சியில்ல பாவா, நானு. போட்டோவுல இருக்கிற பழைய ஏட்ட அப்படியே நகலெடுத்தேன். எழுதறது சுளுவா முடிஞ்சிச்சி. பொத்தல் போடத்தான் வருசமாச்சி."