நகச்சுத்து

எந்தக் கையை நீட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இடது கையை நீட்டினாள்.

நர்ஸ் ரெஜினா புறங்கையில் தட்டி நரம்பைத் தேடினாள். அகப்பட்டது. ஊசி ஏறியதும், மேலே தொங்கிய பாட்டிலைக் காட்டி, இது வெறும் உப்புத் தண்ணீர்தான், மூட்டுவாத மருந்து இதற்குப் பிறகுதான் என்றாள்.

வலது கை முந்தானைக்குள் இருந்தது.

அதன் ஆள்காட்டி விரலில் நகச்சுத்து. பழுத்துவிட்டது.

எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் மாட்டிவிட்டவன் அவள் புருஷன் சுடலைமணிதான். ராத்திரி முழுக்க விண் விண்ணென்று தெறித்தது. விடிந்து பார்த்தால் பழம்தான் வாடியிருந்தது.

பிறகுதான் மருதாணி கோன் வாங்கி வரச் சொன்னாள்.

அவனுக்கு ஒரே சந்தோஷம். கல்யாணத்துக்கு அப்புறம் அவளாகக் கேட்ட முதல் மருதாணி. கோனைப் பிதுக்க அவளுக்கு விரல் மடங்காது. அவனே உட்கார்ந்து பத்து விரல் நுனிக்கும் பூசிவிட்டான். பாவம், உடம்பு சரியாகப் போகிற குஷியில் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மருந்து விஷயம் அவனுக்கு ஒன்றும் தெரியாது. போன முறை ரெஜினா சொன்னபோது பாப்பாவை வைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தான். கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"இந்த மருந்து உடம்போட காவலக் கொஞ்சம் தூங்க வச்சிரும். அந்த நேரம் காய்ச்சல், சளி, சீழ் எது உள்ள இருந்தாலும் ரத்தத்துல ஏறிரும். உசுருக்கே மோசம். மறைச்சிராதீங்க."

மறைத்துவிட்டாள்.

சொன்னால் இன்றைக்கு மருந்து கிடையாது. ஆறின பிறகு வா என்பார்கள். மறுபடி டாக்டர், மறுபடி ரத்தப் பரிசோதனை, மறுபடி காத்திருப்பு. அதற்குள் பாப்பா நடக்க ஆரம்பித்துவிடும்.

பிரசவம் முடிந்த கையோடு மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. பெற்ற பிள்ளையை அவள் இன்னும் ஒழுங்காகத் தூக்கியதில்லை. யாராவது கொண்டுவந்து மடியில் போட வேண்டும். யாராவது வந்து எடுத்துப் போக வேண்டும். பிள்ளை அழுதால் தொட்டில் பக்கத்தில் நின்று அவளும் அழுவாள். தெருவில் எல்லாரும் தூக்கிக் கொஞ்சினார்கள். பால்காரர்கூடத் தூக்கினார்.

ரெஜினா கேட்க ஆரம்பித்தாள்.

காய்ச்சல்? இல்லை.

சளி, இருமல்? இல்லை.

பல்வலி? இல்லை.

புண், கட்டி, சீழ்?

"இல்ல சிஸ்டர்."

பொய் வெளியே வந்த பிறகுதான், எவ்வளவு பயந்து கிடக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"அந்தக் கையையும் குடுங்க."

கொடுத்தாள். விரல்களைப் பார்த்ததும் ரெஜினா சிரித்துவிட்டாள்.

"அடேங்கப்பா, என்னமா செவந்திருக்கு! வீட்டுக்காரர் மேல அம்புட்டுப் பிரியமா?"

மூட்டுக்கு மூட்டு வீங்கிக் கிடக்கிற கையில் இன்னொரு வீக்கத்தை யார் கண்டார்கள்.

நாடித் துடிப்பைப் பார்க்கிற கிளிப்பை எடுத்து ரெஜினா அவள் விரலில் மாட்டினாள்.

சரியாக அதே விரலில்.

கண்ணில் பூச்சி பறந்தது. அவள் கத்தவில்லை. வேறு விரலில் மாட்டச் சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள்.

திரையில் எண் ஏறியது. இன்னும் ஏறியது. அவளுக்குப் பதிலாக மெஷின் கத்த ஆரம்பித்தது.

"பயமா இருக்கா?"

தலையாட்டினாள். அங்கே வந்ததிலிருந்து அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ரெஜினாவுக்கு இளகின மனசு. பிள்ளையைப் பார்த்தால் பயம் தெளியும் என்று நினைத்தாளோ என்னவோ, கதவுப் பக்கம் திரும்பிச் சுடலைமணிக்குக் கை காட்டினாள். பிறகு மேஜைக்குப் போய் மருந்துப் பெட்டியைப் பிரித்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் பாப்பாவை உயர்த்திப் பிடித்தான். பாப்பா அவன் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது. அவன் முகமெல்லாம் பல்.

அவர்கள் இரண்டு பேரையும் இப்படிப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பொறாமையாக இருக்கும். நடுவில் தன் கைகளை மனசுக்குள் வைத்துப் பார்ப்பாள்.

இன்றைக்கு வைக்க முடியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். வீட்டிலும் அப்படியே இருந்தார்கள். பாப்பா வளர்ந்து போகப்போகிற பள்ளிக்கூட வாசலிலும் அப்படியே. எங்கே தேடியும் அவள் இல்லை.



ரெஜினா குப்பியை எடுத்துவிட்டாள். கலந்துவிட்டால் திரும்ப வைக்க முடியாத மருந்து. அதன் மூடியில் நகத்தைக் கொடுத்தாள்.

"சிஸ்டர்."

ரெஜினா திரும்பவில்லை.

"சிஸ்டர், இந்த விரலப் பாருங்க."

ரெஜினா வந்து கிளிப்பைக் கழற்றினாள். விரலை வெளிச்சத்தில் பிடித்து லேசாக அமுக்கினாள். நகத்தோரம் மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

போய்க் குப்பியைப் பெட்டிக்குள் வைத்தாள். வைத்துவிட்டு வந்துதான் திட்டினாள். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அந்தத் திட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

வெளியே சுடலைமணிக்கு ஒன்றும் கேட்கவில்லை. மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது என்று நினைத்திருப்பான். பாப்பாவின் கையைப் பிடித்து டாட்டா காட்டிக்கொண்டிருந்தான்.

அவளும் காட்டினாள்.