நீலத்திரைக்கு வெளியே

ஸ்டுடியோவில் நீலத்திரைக்கு முன்னால் பாஸ்போர்ட் சைஸ் முகங்களையே எடுத்துச் சலித்த கேமராவுக்கு, ஊர்த் தேரோட்டத்தைப் படம் பிடிக்க ஆசை வந்தது.

"வேண்டாம்ப்பா. நான் தாங்கிப் பிடிக்காட்டி நீ ஆடிடுவே. படம் கெட்டுடும்," என்றது முக்காலி.

கேமராவுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனாலும் முதலாளியின் கழுத்தில் தொங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

தெருவில் தேர் வந்ததும், பழக்கதோஷத்தில், "தாடையைத் தூக்குங்க, அசையாம இருங்க," என்றது. தேர் கேட்குமா? எடுத்ததெல்லாம் வெறும் கலங்கல். ஸ்டுடியோவுக்கே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, வடம் பிடித்தவர்களோடு ஓடிக்கொண்டே ஒரு படம் எடுத்தது.

மறுநாள் ஸ்டுடியோ வாசலில் அந்தப் படம் தொங்கியது. முக்காலி உற்றுப் பார்த்தது.

"இதுவும் கொஞ்சம் ஆடித்தானே இருக்கு?"

"பின்னே? தேரே ஆடி அசைஞ்சுதானே வந்துச்சு!" என்றது கேமரா. "இன்னைக்குத் தெப்பம். நான் கிளம்பறேன்."