உரைகல் எந்த ஊர்?

"வீட்டுக் கம்ப்யூட்டர்லயே இணையதளம் வச்சு மூணு வருஷமா கதை எழுதறேன் தம்பி. 'உரைகல்'னு ஒருத்தன் கமென்ட்ல கிழி கிழின்னு கிழிக்கிறான். நேத்துகூட, கதையோட முடிவு சொதப்பல்னு போட்டிருக்கான். எந்த ஊர்க்காரன்னு கண்டுபிடிங்க!"

பொரிந்து தள்ளினார் எழுத்தாளர். ரவுட்டரை ஆராய்ந்த டெக்னீஷியன் திருதிருவென்று விழித்தார்.

"சார், உங்க தளத்தை இன்டர்நெட்டுக்குத் திறந்தே விடலையே! இந்த வீட்டு வைஃபையில மட்டும்தான் தெரியும்."

"என் போன்ல தெரியுதே?"

"அதுவும் இதே வைஃபைதானே சார்!"

எழுத்தாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் அவரையும் மனைவியையும் தவிர ஈ காக்கை கிடையாது. அவளோ அவர் கதைகளைப் பற்றி இதுவரை வாயே திறந்ததில்லை.

சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"அந்த முடிவை அவர் திருத்தறவரைக்கும் ஊருக்குத் திறந்து விட்டுடாதீங்க தம்பி!"