ஒத்திகைப் பிணம்

ஆபத்துக்கால ஒத்திகை நடக்கும்போதெல்லாம் அந்த ரசாயன ஆலையில் சேவியர்தான் பிணம். சைரன் ஒலித்ததும் பம்பு அறை வாசலில் மல்லாந்து படுத்துக்கொள்வார். சிரிக்காமல் அசையாமல் கிடக்க அவரால்தான் முடியும். வீட்டுக்குச் செய்தி சொல்வதும் ஒத்திகையில் சேர்த்திதான். அலுவலகத்திலிருந்து வத்சலா அவர் மனைவிக்குப் போன் செய்வாள். உண்மையான நாளில் சொற்களைத் தேடக்கூடாது, அவை நாக்கிலேயே இருக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார்.

"அக்கா, ஆலையில ஒரு விபத்து. பக்கத்துல யாராவது இருக்காங்களா? கொஞ்சம் உக்காந்துக்கோங்க."

பிளாரன்ஸ் ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். "இன்னைக்கும் செத்துட்டாராக்கும்? எந்திச்சி வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வரச் சொல்லு." சேவியரும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போவார்.

இன்று வாயு கசிந்து சைரன் ஒலித்தபோது, பம்பு அறை வாசலில் கிடந்தவரைத் தாண்டிக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள். அதில் ஒருவன் திரும்பி, "இது நெசம்ணே, எந்திரிங்க" என்று கத்தினான். சேவியர் எழுந்திருக்கவில்லை.

ஆலை மருத்துவர் உதட்டைப் பிதுக்கிய பிறகு வத்சலா போனை எடுத்தாள். அதே சொற்கள்தான் வந்தன. வேறு சொற்கள் அவளிடம் இல்லை. குரல் மட்டும் உடைந்தது.

"இந்தத் தடவை நல்லா நடிக்கிறியேம்மா," என்றாள் பிளாரன்ஸ். எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா..."

"கறிவேப்பிலை வீட்டுலயே இருக்கு. அவரைச் சும்மா வரச் சொல்லு, போதும்."