ரேடியோவுக்கு ஓர் இழை

வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, கத்தரிக்கோலும் கையுமாக பீரோவைத் திறந்தான் சுப்புராயன். மனைவி நீலாவதியின் கூறைப்புடவை மேல்தட்டில் இருந்தது. அவளும் அவன் அம்மா பெரியநாயகியும் பெரிய கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் காரியத்தை முடித்தாக வேண்டும்.

எல்லாம் ஒரு ரேடியோவுக்காக. செராமிக் பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற வேலை போக, மிச்ச நேரமெல்லாம் அவன் அந்தப் பெட்டியோடுதான் குடும்பம் நடத்தினான். அவனே பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டின, காதில் செருகிக் கேட்கிற ரேடியோ. நேற்றுதான் முதல் தடவையாகப் பாடியது. பாடின கையோடு, காதுக்குப் போகிற இரண்டு வயரில் ஒன்று அறுந்து தொலைந்தது.

பாடினதை அவன் ஒருவன்தான் கேட்டான். வீட்டில் யாரும் நம்பவில்லை.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள என் காதுல கேக்கலன்னா, பாத்திரக்காரன்கிட்ட போட்டுட்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கிக்குவேன்" என்று நீலாவதி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

காலையில் கடைவீதிக்கு ஓடினான். ரேடியோ ரிப்பேர் கடை அமீனுதீன் காட்டிய வயரெல்லாம் முரடு. தலையைத் திருப்பினால் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிக் கொடுத்த செம்புக் கம்பி மெலிசுதான், ஆனால் இரண்டு தடவை மடக்கினால் ஒடிந்தது. மெட்ராசுக்கு எழுதிப்போட்டால்தான் அந்த மாதிரி வயர் வரும் என்று அமீனுதீன் கையை விரித்துவிட்டார்.

வெறுத்துப்போய் வீட்டுக்கு வந்து, அறுந்த வயரைப் பிரித்துப் பார்த்தவனுக்குக் கண் விரிந்தது. உள்ளே ஒரு நூல், நூலைச் சுற்றி மினுமினுவென்று மெல்லிய தகடு. அச்சு அசல் சரிகை.

சரிகை என்றால் அவன் வீட்டுச் சரிகைதான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எடுத்த கூறைப்புடவை அசல் வெள்ளிச் சரிகை என்றும், மாமனார் அவனுக்கு எடுத்துக் கொடுத்த பட்டுவேட்டி பொய்ச் சரிகை என்றும் எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லும்போதெல்லாம் அம்மாவும் நீலாவதியும் ஒருவரையொருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தன் கிண்டலுக்கு வீட்டில் இவ்வளவு மதிப்பா என்று அவனுக்குப் பெருமை தாங்காது.

புடவையின் கரையோரம், மடிப்புக்குள் மறைகிற இடமாகப் பார்த்து ஓர் இழையை உருவினான். சைக்கிள் வால்டியூப் என்கிற மெல்லிய ரப்பர் குழாய்க்குள் அதை நுழைத்து ரேடியோவில் இணைத்தான். சத்தமே இல்லை. பேட்டரியும் டார்ச் பல்பும் வைத்துச் சோதித்தான், பல்பு எரியவில்லை. மிச்சமிருந்த துண்டைத் தீக்குச்சியில் காட்டினான். பிளாஸ்டிக் நாற்றம் குப்பென்று அடித்தது.

மாமனாரின் வேட்டியை எடுத்து அதிலிருந்து ஓர் இழையை உருவி மாட்டினான். திருச்சி நிலையம் காதுக்குள் நாகஸ்வரம் வாசித்தது.

சந்தோஷப்பட முடியவில்லை. மாமனார் வேட்டி அசல், அம்மா எடுத்த புடவை போலி. பாவம், எந்த ஜவுளிக்காரனோ அம்மாவை ஏமாற்றியிருக்கிறான். இது தெரிந்தால் மருமகள் முகத்தில் அம்மா எப்படி முழிப்பாள்? அம்மாவின் மானத்துக்காக எத்தனை திட்டு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவுகட்டி, வேட்டியைப் பழையபடி மடித்து உள்ளே வைத்தான்.

கோயிலிலிருந்து வந்ததும் அம்மா நேரே சமையலறைக்குப் போய்விட்டாள். நீலாவதி காதில் வைத்துக் கேட்டாள். முகமெல்லாம் மலர்ந்தது. ஊரெல்லாம் கிடைக்காத வயர் எங்கே கிடைத்தது என்று விசாரித்தாள்.

"உன் கூறைப்புடவையிலேருந்துதான் ஒரு இழை உருவிட்டேன், கோச்சுக்காத. எங்கம்மா எடுத்ததாச்சே, அசல் வெள்ளி. என்னமா கேக்குது பாரு" என்று சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றான்.

நீலாவதி திட்டவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தும் முடியவில்லை.

"எங்கப்பா குடுத்த வேட்டியை எடுங்க, பாக்கலாம். புடவை பொய்ச் சரிகைன்னு அத்தை கல்யாணத்தன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாங்க."